பிரேக் சத்தம் நின்ற காலை

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். சத்தம் வரவில்லை.

பிள்ளைகளே, அந்த ஒரு நொடி நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்த வாரம் உங்களுக்கு எழுதும் கதை பொய்யாகிவிடும்.

கண்ணாடிக்கு முன்னால் மூடுபனி. இருபது அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் என் மகள் நிவேதாவும், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கோடியில் இருக்கும், கொழுந்து பறிக்கிற பிலோமினாவின் மகள் மேரியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் வெள்ளைச் சீருடை. மடியில் பரீட்சை அட்டை. பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையின் முதல் நாள் அது. கொட்டகலையில் இருக்கும் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேல்கணக்கிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க ஏழு வளைவு. இரண்டு வாரமாக அந்த ஏழு வளைவிலும் என் கார் கத்திக்கொண்டே இறங்கியது. அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இறங்கியது.

நிவேதா முன்னால் சாய்ந்து, "சத்தத்தைக் காணோமேப்பா" என்றாள்.

"சரி பண்ணிட்டேன்ல" என்றேன்.

இப்போது இதை எழுதும்போதுகூட அந்த வார்த்தைகள் வாயில் கசக்கின்றன.

கோழி கத்துகிற கார்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அந்தக் கார் ரொம்பப் பழசு. தோட்டத்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு ஹயர் ஓடத்தான் அதை வைத்திருந்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். பள்ளிக்கூட நாட்களில் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவேன். மலை ரோட்டில் ஏறி இறங்கி, முன் சக்கரத்து பிரேக் பேட் இரண்டு பக்கமும் தேய்ந்து தகடாகிவிட்டது. கொட்டகலையில் கராஜ் வைத்திருக்கும் நிமல் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சிங்களவர். மெக்கானிக், மேசன் யாராக இருந்தாலும் எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை மல்லி என்பார். தம்பி என்று அர்த்தம்.

புதுப் பேட் போட்டார். காரை வெளியே எடுத்தேன். கராஜ் வாசலிலேயே கீ...ச் என்றது.

திரும்பி வந்து சொன்னேன். அவர் எழுந்துகூட வரவில்லை. "பேட் புதுசு, டிஸ்க் பழசு. ரெண்டும் பழகணும் மல்லி. கொஞ்ச நாள் கத்தும். நீங்க கை வெக்க வேணாம்" என்றார்.

சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேட்டும் இரண்டு பக்கமிருந்து அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடிதான் காரை நிறுத்துகிறது. எனக்கு இவ்வளவும் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

நாள் போகப்போகச் சத்தம் குறையவில்லை. ஈரக் காலைகளில் கூடியது. பள்ளிக்கூட வாசலில் நான் காரை நிறுத்தினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நிவேதா ஒரு நாள் இறங்கும்போது, "வாசல் வரைக்கும் வராதீங்கப்பா, அந்த வளைவுலயே எறக்கி விட்டுருங்க. கோழிய அறுக்குற மாதிரி கத்துது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். அதுதான் தைத்தது.

வெட்கம் பாதி. மீதி பயம். சத்தம் என்றால் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு.

பெல்ட் அறுந்த மத்தியானம்

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே இருபத்திரண்டு வருஷம் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தேன் என்று முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். தோட்டத்தில் என்னை யாரும் வெறும் ராசு என்பதில்லை. ஆயில் ராசு. கையில் எப்போதும் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி இருக்கும். மெஷின் எங்கே கீச்சென்றாலும் ஓடிப்போய் அந்த இடத்தில் மூன்று சொட்டு விட வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு.

மழைக்காலம் ஒன்றில், மத்தியானம், கொழுந்து உருட்டுகிற ரோலர் ஒன்று கத்தத் தொடங்கியது. நான் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையில் பாதி இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

முடிக்கவில்லை. பேரிங் இறுகிவிட்டது. பெல்ட் அறுந்து, பாம்பு மாதிரி எழுந்து, தூள் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் தலைக்குப் பக்கத்தில் இருந்த தகரச் சுவரில் அடித்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தகரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அந்த அக்கா கூட்டுமாற்றைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என்னைத் திட்டவில்லை. அந்தக் கீறலைக் காட்டினார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அந்தக் கீறலுக்குத்தான் போகும். எங்கே கீச்சென்றாலும் கை தானாகக் குப்பியைத் தேடும். வீட்டில் கதவு கத்தினாலும் எண்ணெய். தையல் மெஷின் கத்தினாலும் எண்ணெய். மனைவி கேலி செய்வாள், "நான் சத்தம் போட்டா எனக்கும் ஊத்திருவாரு" என்று.

இப்படிப்பட்ட ஒருவனிடம், கத்தட்டும், கை வைக்காதே என்று சொன்னால் அவன் எத்தனை நாள் கேட்பான்?

மூன்று சொட்டு

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம். நிவேதா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கராஜில் வேலை பார்த்த பழக்கம் எனக்கில்லை. என்றாலும் சக்கரம் கழற்றத் தெரியும். முன் சக்கரம் இரண்டையும் கழற்றினேன். ஸ்டோரை விட்டு வரும்போது ஞாபகத்துக்கு எடுத்து வந்த குப்பி அலுமாரிக்கு மேலே இருந்தது. அதில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது.

பேட்டும் டிஸ்க்கும் சேருகிற இடத்தில் மூக்கை வைத்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று சொட்டு. டிஸ்க்கைக் கையால் சுற்றிவிட்டேன். எண்ணெய் மெல்லிசாகப் பரவிப் பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது.

லயத்து முன்னால் சமதரை. பத்தடி ஓட்டினேன், மிதித்தேன். நின்றது. பின்னால் எடுத்தேன், மிதித்தேன். நின்றது. ஒரு சத்தமில்லை. நடக்கிற வேகத்தில் ஓடும் காரை நிறுத்தப் பின் சக்கரத்து பிரேக்கே போதும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சைக்குப் போகிற பிள்ளை வெட்கப்படாமல் இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு கை கழுவினேன்.

கோயிலடியில் ஷாலினி

மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன்.

இரண்டாவது வளைவில் பெடலை வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருந்தது. ரோடு ஈரம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவில் ஒரு சின்னக் கோயில். அங்கே ரோடு கொஞ்சம் சமமாக இருக்கும். நிவேதாவின் வகுப்பில் படிக்கும் ஷாலினி அங்கே நின்று ஏறுவாள். அவளுக்குப் பக்கத்தில் நிறுத்த மிதித்தேன். கார் அவளைத் தாண்டிப் போனது. இன்னும் மிதித்தேன். போய்க்கொண்டே இருந்தது. ஹேன்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான், இரண்டு கார் தூரம் தள்ளி நின்றது.

ஷாலினி ஓடி வந்து மூச்சு வாங்க ஏறினாள். "என்னைய விட்டுட்டுப் போகப் பாத்தீங்களா மாமா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிள்ளைகளே, கார் நின்றுதான் இருந்தது. மூன்று பேரையும் அங்கேயே இறக்கி, குறுக்குப் பாதையால் நடங்கள் என்று சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. ஆனால் 'சரி பண்ணிட்டேன்' என்று இரண்டு வளைவுக்கு முன்னால்தான் சொல்லியிருந்தேன். அதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை.

கியரைப் போட்டேன். இறங்கினேன்.

ஐந்தாவது வளைவு

நான்காவது வளைவில் கார் வேகம் பிடித்தது. மிதித்தேன். பெடல் உள்ளே போகவில்லை, கல் மாதிரி நின்றது. வழக்கமாக பிரேக் போனால் பெடல் தொளதொளவென்று இறங்கிவிடும் என்பார்கள். இது அப்படியில்லை. என் கால் முழு பலத்தோடு மிதிக்கிறது, பெடலும் இறுக்கமாக நிற்கிறது, கார் மட்டும் நழுவிக்கொண்டே போகிறது. கீழே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. டயர் ஈர ரோட்டில் ஓடுகிற ஸ்ஸ்... மட்டும்.

அந்த அமைதியைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஐந்தாவது வளைவில் இடது பக்கம் பள்ளம். கீழே ஓடை. அன்று பனியில் பள்ளம் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான். அதற்குள் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் உறுமியது. கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. அவ்வளவு வேர்வை, அந்தக் குளிரில்.

"அப்பா, மெதுவா" என்றாள் நிவேதா.

அவளுக்கு அந்த நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். கதவுப் பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள். மேரி மெல்லிய குரலில் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். ஷாலினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததா, பிறகு கேட்டதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை.

வளைவில் காரைத் திருப்பினேன். இடது முன் சக்கரம் ரோட்டை விட்டு சரளையில் இறங்கி, கற்களைத் தெறித்துவிட்டு, மறுபடி ஏறியது. தெறித்த கற்கள் கீழே விழுகிற சத்தம் கேட்கவே இல்லை.

வளைவைத் தாண்டினோம். அப்போது கீழேயிருந்து ஹோர்ன் அடித்தது. தோட்டத்து லொறி ஆறாவது வளைவில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் இரண்டு வண்டி விலக இடமில்லை. ஒன்று நிற்க வேண்டும். நிற்க முடியாதது என்னுடையது.

இப்போது இடது பக்கம் மலைச் சுவர். சுவரோரம் தண்ணீர் ஓடுகிற கான். மேலே கவ்வாத்து வெட்டிய தேயிலை, வெறும் குச்சியாக நின்றது. முதல் கியரைத் தள்ளினேன், அது அலறிக்கொண்டு விழுந்தது. ஹேன்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும் போல இருந்தது, ஒரு கைதான் இருந்தது. மற்றக் கையால் காரைச் சுவருக்குத் திருப்பினேன்.

கதவு முழுக்கக் கல்லில் உராய்ந்தது. பக்கக் கண்ணாடி உடைந்து போனது. முன் சக்கரம் கானுக்குள் இறங்கியது. ஒரு குலுக்கு.

நின்றது.

லொறி எங்களுக்கு முன்னால் பனிக்குள்ளிருந்து வெளிச்சத்தோடு வந்து நின்றது. ஷாலினியின் தண்ணீர்ப் போத்தல் சீட்டுக்கடியில் உருண்டுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பார்த்தேன். மூன்று பேரும் முழுசாக இருந்தார்கள். நிவேதாவின் கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

முதலில் பேசியதும் அவள்தான். கூட்டாளிகளைப் பார்த்து, "குறுக்கால எறங்கிருவோம். பஸ்ஸ புடிச்சிறலாம்" என்றாள்.

வலது பக்கக் கதவால் இறங்கினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்த படிகளில் வெள்ளைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னாலேயே போனேன். மெயின் ரோட்டில் பஸ் ஏறும்வரை நின்று பார்த்தேன். பரீட்சைக்கு நேரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஏறும்போது என் மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

விரலில் இருந்த வாசம்

இனி எழுதப்போவது பயத்தைவிடக் கஷ்டமானது.

அன்று பின்னேரம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். நான், "பேட் சரியில்ல போல. பாஸ் சரியாப் போடல" என்றேன்.

யோசிக்காமல் வந்தது அது. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்று இப்போது பயப்படுகிறேன்.

லொறியில் கட்டி இழுத்துக் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். நிமல் பாஸ் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கில் விரலை வைத்து இழுத்தார். விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மல்லி, இது என்ன எண்ணெய்?"

பொய் சொல்ல இன்னொரு தடவை தைரியம் வரவில்லை. "ஸ்டோர்ல ஊத்துறது" என்றேன்.

"சத்தம் இருந்தா கார் நிக்கும். சத்தம் போனா கார் போகும். புள்ளைங்களும் போகும்" என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

எண்ணெய் குடித்த பேட்டைக் காட்டினார். கழுவினாலும் அது திரும்பாதாம், எறியத்தான் வேண்டும். சத்தத்துக்கு கிரீஸ் பூசுவது உண்டு, ஆனால் அது பேட்டின் முதுகில், அதுவும் துளியாக. டிஸ்க்கைத் தொடுகிற முகத்தில் எதுவும் படக்கூடாது. டிஸ்க்கைத் துடைத்து, சேன்ட் பேப்பரால் தேய்த்து, மறுபடியும் புதுசு போட்டார். மெதுவாக ஓட்டிப் பலமுறை மிதித்துப் பழக்கினார். கத்தியது.

நான் கிளம்பும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டே, "நான் சரியாப் போடலன்னு சொன்னீங்களாம். லொறிக்காரன் சொன்னான்" என்றார். கோபமே இல்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அந்த மனிதர் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிலோமினா எண்ணிய கணக்கு

அடுத்த பரீட்சைக்கு முதல் நாள் மறுபடி பீலியடிக்குப் போனேன். ஷாலினியின் அப்பாவும் இருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னேன். பாஸ் மேல் பிழை இல்லை, எண்ணெய் ஊற்றியது நான், அவர் கை வைக்காதே என்று சொன்ன பிறகும் ஊற்றினேன் என்று. ஷாலினியின் அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அவர் மகளை பஸ்ஸில் அனுப்பினார். அதை நான் குறையாக எழுதவில்லை.

பிலோமினா நின்றார். குடம் நிரம்பி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை.

"ராசண்ணே, ஒன்னு சொல்லவா" என்றார். "தெனம் காலைல மலைக்கு ஏறுறப்ப ஒங்க காரு கத்துறத எண்ணிக்கிட்டே போவேன். ஏழு தடவ கத்துனா மேரி ரோட்டுக்கு எறங்கிட்டான்னு தெரியும். அப்பறந்தான் என் நெரயில கொழுந்து பறிக்கக் கை ஓடும். அன்னைக்கு ஒன்னுமே கேக்கலண்ணே. கடைசில லொறி ஹோர்னு மட்டுந்தான் கேட்டுச்சு."

எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நான் ஒளிக்கப் பார்த்த சத்தத்தை ஒரு தாய் மலையில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாளைக்குக் கத்துமா?" என்று கேட்டார்.

"கத்தும்" என்றேன்.

"அப்ப அனுப்புறேன்."

மறுநாளும் பனி. நிவேதா முதலில் ஏறி, நான் கதவைச் சாத்துவதற்கு முன்பே பிடியைப் பிடித்துக்கொண்டாள். மேரி பக்கத்தில். கோயிலடியில் யாரும் நிற்கவில்லை. நான் எல்லா வளைவுக்கும் முன்னாலேயே மிதித்தேன், தேவையில்லாத இடத்திலும் மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் கால் பெடலுக்குப் போகும்போது மூச்சு நின்றுவிடும். கீச்சென்ற பிறகுதான் திரும்ப வரும்.

ஐந்தாவது வளைவு வந்தது. ஓடைச் சத்தம் கேட்டது. மிதித்தேன்.

கார் மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. கத்திக்கொண்டே வேகம் குறைந்து, வளைவில் நடந்து போகிற மாதிரித் திரும்பியது.

கண்ணாடியில் பார்த்தேன். நிவேதா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் இருந்த பரீட்சை அட்டையின் மேல் வைத்தாள்.

மேலே பனிக்குள் பிலோமினா ஐந்து என்று எண்ணியிருப்பார். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.